டிப்ரன்ஷலுக்கு ஒரு சாவி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பிலேயே சந்தோஷமாகவும் இருந்துவிட்டால், அதைத் திருத்த எனக்கு மனசு வராது. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுத்தச் சோம்பேறித்தனம். ஒரு காரியத்தை முதல் தடவை விளக்கும்போதே எனக்குப் பாதியில் கோபம் வந்துவிடும். இரண்டாம் தடவை விளக்க வேண்டுமென்றால் நான் இன்னொரு பிறவி எடுத்துத்தான் வர வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு லாரி ரிப்பேர் ஷெட் போட்டேன். மேற்கே மலையடிவாரத்துக்குப் போகிற பாதையில், நான்கு பனைமரத் தூண், மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண். அவ்வளவுதான் ஷெட். பட்டாளத்தில் மூன்று வருஷம் வண்டி பிட்டராக வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் ஊரில் எனக்குப் ‘பட்டாளத்து மேஸ்திரி’ என்று பெயர். துப்பாக்கியை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அதையும் நான் திருத்தவில்லை.

என்னிடம் வந்தவர்களில் மாந்தோப்பு முதலாளி ஒருவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருடைய தோப்புகள் ஆற்றைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தன. பாலம் கிடையாது. மாட்டு வண்டியில் பழம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பாதி கனிந்து கூழாகிவிடும். அதனால் பட்டாளம் வேண்டாமென்று கழித்துப்போட்ட லாரிகளை ஏலம் விட்டபோது அவரும் ஒரு குட்டி லாரியை எடுத்துவிட்டார். பச்சை நிறம், முரட்டு டயர், மேலே கித்தான் படுதா. காடு மேடெல்லாம் ஏறும் என்று ஏலக்காரன் சொல்லியிருக்கிறான். முதல் நாளே ஆற்று மணலில் இறங்கி, பின்சக்கரம் ஒன்று மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக் குழி தோண்டி, வண்டி வயிறு வரை உட்கார்ந்துவிட்டது. ஆறு ஜோடி மாடுகளைப் பூட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். மாட்டுக்கு மாற்றாக வாங்கிய வண்டியை மாடு இழுத்து வந்ததைப் பார்த்து ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது.

மறுநாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். “மேஸ்திரி, எஞ்சின் சக்தி பத்தலையா?” என்று கேட்டார்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. குறை பின் அச்சின் நடுவே இருக்கிற டிப்ரன்ஷலில். அதைக் குறை என்றும் சொல்ல முடியாது. வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் ஓடினால் போதும். இரண்டும் அதனதன் போக்கில் ஓடுவதற்காக நடுவே சில பல்சக்கரங்களை வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். தார் ரோட்டில் அது புண்ணியம். ஆற்று மணலில் பாவம். எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, அதற்கே சுற்றெல்லாம் போய்ச் சேரும். கெட்டித் தரையில் நிற்கிற நல்ல சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். இதை நான் முதலாளிக்கு அவருக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன்.

“முதலாளி, இப்ப உங்க வண்டியோட ரெண்டு பின்சக்கரமும் அவுத்துவிட்ட மாடு மாதிரி. ஆளுக்கொரு பக்கம் போவும். நான் ரெண்டையும் ஒண்ணாப் பூட்டிருதேன். பூட்டிட்டா ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இழுத்துக்கிட்டு வந்துரும்.”

“பூட்டு போட்டுரலாமா?”

“போட்டுரலாம்.”

“மஞ்சிதி!” என்று தொடையில் தட்டிக்கொண்டு போனார். நல்லது என்று அர்த்தம். நான் சொன்னது ஏர் பூட்டுகிற பூட்டு. ஆனால் முதலாளி தன் ஆயுசில் ஒரு மாட்டைக்கூடத் தன் கையால் பூட்டியவர் இல்லை. அவர் காதில் விழுந்தது வேறு பூட்டு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், அதே கம்பெனி செய்த பெரிய பட்டாள லாரியின் பின் அச்சு ஒன்று கிடந்தது. பட்டாளத்தில் அதை நான் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதன் நடுப்பாகத்தில் நான் தேடின பூட்டு கம்பெனியிலேயே வைத்தது. ஒரு லீவரை இழுத்தால் பல் வைத்த வளையம் ஒன்று நகர்ந்து வந்து இரண்டு பக்க அச்சையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். லீவரைத் தள்ளினால் விட்டுவிடும். பல்சக்கரங்களும் வேறு கணக்கு. எஞ்சினிலிருந்து வருகிற சுற்றை முதலில் வாங்குவது பினியன் என்கிற சின்னச் சக்கரம். அதனிடமிருந்து வாங்கி அச்சுக்குக் கொடுப்பது கிரௌன் என்கிற பெரிய சக்கரம். முதலாளியின் வண்டியில் எட்டுப் பல்லுக்கு நாற்பத்தொரு பல். இதில் ஆறுக்கு நாற்பது. ஓட்டம் குறையும், இழுவை கூடும். மாம்பழம் என்ன ரேஸா ஓடப் போகிறது? அந்த நடுப்பாகத்தை மட்டும் கழற்றி வாங்கி, துணியில் சுற்றி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி அதைக் ஆட்டுக்கல் என்று நினைத்து, எத்தனை படி ஆட்டும் என்று கேட்டாள். நாலு படி என்றேன்.

மாசி மாதம். லாரியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் பனந்துண்டுகளை அடுக்கினேன். முதலாளியின் டிரைவர் கூடமாட உதவிக்கு இருந்தான். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். நல்லவன், கை மட்டும் சும்மா இருக்காது. எந்த லீவரைப் பார்த்தாலும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் அவனுக்கு. பழைய எண்ணெயை வடித்து, இரண்டு பக்க அச்சுத் தண்டையும் உருவி, நடுப்பாகத்தின் நட்டுகளைக் கழற்றி இறக்கினோம். அது இரண்டு ஆள் கனம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் என் வசவு.

புதியதை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. பினியனையும் கிரௌனையும் ஒன்றோடொன்று சரியாக உட்கார வைப்பதுதான் வித்தை. ரொம்ப நெருங்கினால் சூடேறித் தேயும். விலகி நின்றால் ஊளையிடும். பட்டாளத்தில் இதைப் பார்க்க ஒரு நீல மையைப் பல்லில் தடவிச் சுற்றுவோம். எந்த இடத்தில் மை அழிகிறதோ அந்த இடத்தில் பல் படுகிறது. ராஜபாளையத்தில் நீல மைக்கு எங்கே போவது? பலசரக்குக் கடையில் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கினேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் பைபிளோடு போகிறவன் குங்குமம் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆமணக்கெண்ணெயில் குழைத்துக் கிரௌனின் நாற்பது பல்லிலும் பூசினேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். குங்குமம் பூசிய சக்கரத்தைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார். “நீங்க வேதக்காரரா இருந்தாலும் முறையாச் செஞ்சியளே” என்று நெகிழ்ந்துபோனார். டிரைவர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்து முறைத்தேன். முதலாளி ஒரு துளி குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனார். ஆமணக்கெண்ணெய் மூக்கு வரைக்கும் வழிந்தது.

சிகரெட் டின் தகட்டை வளையமாக வெட்டி இடைவெளியில் கொடுத்து, சுற்றிப் பார்த்து, கழற்றி, இன்னொரு தகடு கொடுத்து, மறுபடியும் சுற்றி, மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் குங்குமம் எல்லாப் பல்லிலும் நட்ட நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு அழிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என் பெண்டாட்டியிடம் சொன்னேன். “பல்லுல குங்குமம் அழிஞ்சதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?” என்றாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதமோ என்னவோ தொடக்கம். எதைக் கண்டாலும் குமட்டல், என்னைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாக.

வண்டியைக் கொடுக்கிற அன்று முதலாளி நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்ற லீவரைக் காட்டி, இழுத்தால் பூட்டும், தள்ளினால் திறக்கும் என்றேன். முதலாளி லீவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

“சாவி?”

“என்ன சாவி முதலாளி?”

“பூட்டு போட்டேன்னீங்களே. சாவி வேணுமில்ல? இனி என் உத்தரவு இல்லாம எவனும் என் வண்டியை ஆத்துல இறக்க ஏலாது!” என்று பெரிய மனிதர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். ஊர் சிரித்த சிரிப்புக்கெல்லாம் அந்தச் சாவிதான் பதில் என்பதுபோல அவர் முகம் பூரித்திருந்தது.

மாடு பூட்டுகிற பூட்டு வேறு, பெட்டி பூட்டுகிற பூட்டு வேறு என்று அந்த நாலு பேர் நடுவில் நான் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “நாளைக்குத் தாரேன்” என்றுதான் வந்தது.

மறுநாள் ஒரு உடைந்த அலமாரியிலிருந்து கழற்றிய பூட்டை ஸ்டீரிங் பக்கத்துத் தகட்டில் பொருத்தினேன். விரல் நீளப் பித்தளைச் சாவி. திருகினால் ‘டக்’ என்று கம்பீரமாக ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு கம்பிகூடக் கிடையாது. டிரைவரையும் தனியாகக் கூப்பிட்டு, “ஏலே, சாவி திருகாம லீவரை இழுத்தே, பல்லு அம்புட்டும் உதிர்ந்து எண்ணெயோட வந்துரும். பாத்துக்கோ” என்றேன். இதில் ஒரு நியாயமும் இருந்தது. பூட்டைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் திருப்பினால் அச்சே முறிந்துபோகும். அவன் கை சும்மா இருக்காது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே நான் சொன்னது பொய் இல்லை, பாதுகாப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெண்டாட்டியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே போய்த் திருத்திவிட்டு வந்தால்தான் சோறு என்பாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு மாதம் ஓடியது. சித்திரை வைகாசியில் மாம்பழம் மாம்பழமாக ஆற்றைக் கடந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஆற்றங்கரையில் வண்டி நிற்கும். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துத் திருகுவார். டக். “ம், இழு!” என்பார். டிரைவர் லீவரை இழுப்பான். ஆறுக்கு நாற்பது வேலை செய்யும். வண்டி மணலில் எருமை மாதிரி நிதானமாக நடந்து கரையேறும். அக்கரையில் மறுபடி டக். பெரிய மனிதர்கள் பார்த்துவிட்டுப் போய் மற்றவர்களிடம் சொன்னார்கள். எனக்கு வேலை குவிந்தது. சாவியால்தான் வண்டி ஏறுகிறது என்று நாலு பேர் சொன்னால், கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

என் மாமியார் வீடு அந்தத் தோப்புகளை ஒட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். தலைப்பிரசவத்துக்கு என் பெண்டாட்டியைப் புரட்டாசியிலேயே கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே கைராசியான மருத்துவச்சி ஒருத்தி உண்டு. பயமில்லை என்றார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தோப்புக் காவல்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, இடுப்பு வரை நனைந்து, ஷெட்டுக்குள் ஓடி வந்தார்.

“மேஸ்திரி, உங்க வீட்ல அவியளுக்கு ராத்திரியே வலி கண்டுருச்சு. பிள்ளை குறுக்க கிடக்காம். இனிமே தன்னால ஏலாது, வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா.”

“இப்ப எங்க இருக்கா?”

“மழைக்கு முன்ன தோப்புக்கு வந்து நின்ன லாரிலதான். படுக்கவச்சு ஆத்தங்கரைக்குக் கொண்டாந்தாச்சு. அக்கரையில நிக்கி.”

“ஏன் நிக்கி? ஆத்துல தண்ணி எம்புட்டு?”

“முழங்காலுக்கு மேலதான். மணலு ஊறிப்போய்க் கிடக்கு. பூட்டு போடாம இறங்கக் கூடாதுங்கான் டிரைவர். முதலாளி சாவியோட வில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போயிட்டாரு. நான் போயி சாவிய வாங்கியாந்துருதேன். உங்க சைக்கிளக் குடுங்க!”

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ‘சாவி வேண்டாம்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. அவர் சைக்கிளில் ஏறி, பெடலில் காலை வைத்து, சாக்கைச் சரிசெய்துகொண்டு போகிற வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது. வாய் வரவில்லை. அந்த மனிதர் ஏழு மைல் மழையில் மிதித்துப் போகப் போகிறார், ஒன்றையும் திறக்காத ஒரு சாவிக்காக. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுசில் என்னை நானே இவ்வளவு வெறுத்தது கிடையாது.

பிறகுதான் கால் வந்தது. பக்கத்துக் கடைச் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு மேற்கே மிதித்தேன். சேறு சக்கரத்தில் அப்பிக்கொள்ள, பாதி வழியில் அதை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு ஓடினேன். ஆற்றங்கரைக்கு வந்தபோது அக்கரையில் லாரி இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது. செங்காவித் தண்ணீர் நடுவே ஓடியது. தொடையளவு தண்ணீரில் விழுந்து எழுந்து கடந்தேன்.

டிரைவர் ஸ்டீரிங்கைப் பிடித்தது பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“சாவி கொண்டாந்துட்டியளா அண்ணாச்சி?”

“சாவி வேண்டாம். தள்ளி உக்காரு.”

“சாவி இல்லாம இழுத்தா பல்லு உதிர்ந்துரும்னு நீங்கதான சொன்னிய? நட்டாத்துல அக்காவ வச்சுக்கிட்டு...”

“பொய் சொன்னேன்லே! அந்தப் பூட்டுக்கும் வண்டிக்கும் சம்பந்தமே கிடையாது. அலமாரிப் பூட்டு அது. தள்ளு!”

அவன் நகராமல் என்னையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மெதுவாக அடுத்த சீட்டுக்கு நகர்ந்தான்.

பின்னால் படுதாவுக்குள்ளிருந்து என் பெண்டாட்டியின் குரல் வந்தது. வலிக்கு நடுவில், வார்த்தை வார்த்தையாக.

“அப்ப... வண்டி அப்பமே போயிருக்குமா?”

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. “போயிருக்கும்” என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், “மாப்பிள்ளை, பேச்சு பொறவு. வண்டிய எடுங்க” என்றாள்.

லீவரை இழுத்தேன். கவ்விக்கொண்ட சத்தம் அடியிலிருந்து கேட்டது. முதல் கியரில் இறக்கினேன். தண்ணீர் பலகையில் மோதியது. இடப்பக்கச் சக்கரம் மணலில் புதைவது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனால் அது தனியே சுற்றிக் குழி தோண்டவில்லை. வலப்பக்கச் சக்கரம் அதையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருந்த வண்டி, அடிமேல் அடி வைத்துக் கரையேறிற்று. என் கை செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. வாய் செய்த வேலைதான் அத்தனையும்.

கரையேறியதும் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வலது பக்கம் திரும்பும். பூட்டை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திரும்பாமல் நேரே பாறையில் போய் முட்டும். லீவரைத் தள்ளினேன். அசையவில்லை. முறுக்கம் ஏறிக் கவ்வி நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன். பின்னால் அவள் முனகல். டிரைவர் தன் கையையும் என் கைமேல் வைத்துத் தள்ளினான். அப்போதுதான் எனக்குப் பட்டாளத்தில் செய்தது ஞாபகம் வந்தது. வண்டியை ஒரு முழம் பின்னால் விட்டேன். முறுக்கம் தளர்ந்தது, லீவர் தானாகவே விழுந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

ராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நான்கு மைல் போயிருப்போம். எதிரே மழைக்குள் ஒரு ஜட்கா வண்டி பறந்து வந்தது. குதிரைக்காரன் பக்கத்தில் முதலாளி, தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடக்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றார். இன்னொரு கையை உயரத் தூக்கியிருந்தார். கையில் சாவி. கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற நேரத்தில், வக்கீல் கத்தக் கத்த, வழக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் மனிதர். எதிரே வருவது தன் லாரி என்று தெரிந்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது. நான் நிறுத்தவில்லை. வண்டியைவிட அவமானம்தான் என்னை வேகமாக விரட்டியது என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. “இன்னும் செத்த நேரம் போயிருந்தா ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சியிருக்கும்” என்று நர்சம்மா என்னிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணியை அலசப் போய்விட்டார்கள்.

ஜட்காவைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்ட முதலாளி தாழ்வாரத்தில் சொட்டச் சொட்ட நின்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஏர் பூட்டிலிருந்து அலமாரிப் பூட்டு வரைக்கும். முதலாளி அரைஞாணைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அவுனா?” என்றார். நிஜமாகவா என்று அர்த்தம். “எட்டு மாசமா குளிக்கும்போதுகூடக் கழட்டலையேய்யா நான்!” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரிக்க ஆரம்பித்தார். திட்டுவார் என்று பார்த்தால் தேம்பித் தேம்பிச் சிரித்தார். பெரிய மனம் அவருக்கு. என் மனம் அப்போது என்ன அளவு என்று எனக்குத்தான் தெரியும்.

கதையை அவரே ஊரெல்லாம் சொன்னார். தன்னை முட்டாளாக வைத்தே சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஜட்காவின் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. ஷெட்டுக்கு வருகிறவர்கள், “மேஸ்திரி, என் மாட்டு வண்டிக்கும் ஒரு சாவி போட்டுக் கொடும்” என்பார்கள். காவல்காரர் தான் மிதித்த மைலைப் பதினாலு ஆக்கினார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, அது ஏதோ வேடிக்கைதான் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. உயிர்கள் பிழைத்துவிட்டன, முதலாளி மன்னித்துவிட்டார், டிரைவர் இப்போது லீவரை யாரையும் கேட்காமல் இழுக்கிறான். இனி என்ன?

தை மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் சாப்பாடு. முதலாளியும் வந்து வேதக்காரர் பந்தியில் எங்களோடு உட்கார்ந்தார். இரண்டாம் சோற்றுக்குக் கதை ஆரம்பமாயிற்று. குங்குமம், அலமாரி, டக், அரைஞாண், கோர்ட், ஜட்கா. பந்தியே குலுங்கியது. டிரைவருக்குப் புரையேறியது. என் பெண்டாட்டி ரசச் செம்போடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தவள், முதலாளியின் இலைக்கு எதிரில் நின்றாள்.

“கதையில ஒண்ணு விட்டுப்போச்சு முதலாளி” என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. “நீங்க சாவியோட வருவியன்னு நான் படுத்துக் கிடந்தேம்லா, அந்த லாரிப் படுதா ஏழு எடத்துல ஒழுகுச்சு. எந்தெந்த எடத்துல எத்தனை சொட்டு விழுந்துச்சுன்னு கேளுங்க. சொல்லுதேன்.”

முதலாளி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவள் என் இலைக்கு வந்து, மற்றவர்களுக்கு ஊற்றியது போலவே எனக்கும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனாள்.